பழைய சீவுளிகளின் வரலாறும் செப்பனிடலும்

தச்சன் மரத்தைச் சீவி மட்டமாக்கக் கையாளுங் கருவி சீவுளி எனப்படும். இழைப்புளி என்பாரும் உளர். இரண்டு பெயரிலும் உளி என்னுஞ் சொல் நிற்பது மிகப் பொருத்தமே. ஏனெனில், சீவுளி என்பது ஒரு கட்டையினுள்ளே சாய்வாகச் சிறைவைக்கப்பட்ட உளியேயாகும். கையிற் பிடித்த உளி மரத்தின் நாரைப் பின்பற்றி ஆழமாக ஓடிவிடக்கூடும். கட்டையினுட் சிறைப்பட்ட உளியோ, அக்கட்டையின் அடித்தளம் இடங்கொடுக்கும் அளவுக்குமேல் ஒரு மயிரிழையும் இறங்கமாட்டாது. வாச்சி கொண்டு செதுக்குபவனுடைய திறமை அவனது கண்ணிலுந் தோளிலும் இருக்கிறது. சீவுளி கொண்டு இழைப்பவனுடைய திறமையிற் பாதி கருவியினுள்ளேயே இருக்கிறது. ஆதலின் கருவி பழுதுற்றால் வேலையும் பழுதுறும். சீவுளியைச் செப்பனிடுங் கலை சீவுளி தோன்றிய நாளிலேயே தோன்றியிருத்தல் வேண்டும்.

மின்விசையால் இயங்கும் இழைப்புப் பொறிகள் எங்கும் பரவிய பின்னர், கைச்சீவுளிகள் பட்டறையின் மூலைகளுக்குச் சென்றன. துருவேறியும் செல்லரித்தும் பழைய இரும்பாக விலைபோயின பல. அவற்றைத் தேடியெடுத்து மீண்டும் இயங்கச் செய்வோர் பல நாடுகளிலும் இன்று உளர். இவருட் சிலர் கருவி வேலைசெய்தாற் போதும் என்பர். சிலர் அது புதிதுபோல் மின்னல் வேண்டும் என்பர். இரண்டாம் வகையினர் செய்யும் நன்மையிலுந் தீமையே சிலவேளைகளில் மிகுதி. அது ஏன் என்பதைச் சீவுளியின் வரலாறே விளக்கும்.

கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலையின் சாம்பரில் மூழ்கிய பொம்பேயி நகரத்திலிருந்து உரோமரின் சீவுளிகள் கிடைத்துள்ளன. இங்கிலாந்தில் உரோமர் குடியேற்றமாயிருந்த சில்செஸ்ரரிலும், செருமனியில் அவர்கள் அரணமைத்திருந்த சால்பேக்கிலும் வேறு சில அகப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் யோக்சயரின் கிழக்குப் பகுதியிலுள்ள குட்மனம் என்னுஞ் சிற்றூரின் அருகே கிடைத்த ஒன்றோ, யானைத் தந்தத்தால் உடலும் இரும்பால் அடித்தளமும் அமைந்தது. இரும்புச் சீவுளி பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரின் புதுமை என எண்ணுவோர் இவற்றைக் கண்டால் வியப்பர். சாய்ந்த அலகு, அதனை இறுக்கும் ஆப்பு, சீவல் வெளியேறும் வாய் ஆகிய மூன்றும் உரோமர் காலத்திலேயே அமைந்துவிட்டன. பின்வந்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் இவ்வமைப்பிற் பெரிதாக எதையும் மாற்றவில்லை. 1545 இல் மூழ்கி 1982 இல் மேலெடுக்கப்பட்ட மேரி றோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்த தச்சருடைய சீவுளிகளை, இன்றைய தச்சன் ஒருவன் எவருங் கற்பியாமலே எடுத்துப் பயன்படுத்தக்கூடும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியத் தச்சர் பலர் தமக்கு வேண்டிய சீவுளியைத் தாமே செய்துகொண்டனர். பின்னர் இலண்டனிலே சீவுளி செய்வதையே தனித்தொழிலாகக் கொண்டோர் தோன்றினர். தோமஸ் கிரான்போட் என்பவரும் அவரிடந் தொழில் பயின்ற றொபேட் வூடிங் என்பவரும் அவர்களுள் முன்னோடிகள். இவர்கள் தாஞ் செய்த சீவுளியின் முன்முனையில், நார் குறுக்காக வெட்டுண்டு நிற்கும் அவ்விடத்தில், தம் பெயரை உருக்கு முத்திரையால் அடித்துப் பதித்தனர். அலகு கொல்லனுடையது, கட்டையே சீவுளி செய்வோனுடையது. எனவே அவன் பெயர் கட்டையில் நின்றது. அதனை விலைக்குக் கொண்ட தச்சனும் தன் பெயரை அதே முனையிற் பதித்தான். அவனுக்குப்பின் அதனைப் பெற்றவனும் அவ்வாறே செய்தான். ஐந்தாறு பெயர்கள் ஒன்றன்மேலொன்றாய் நெருங்கி நிற்குஞ் சீவுளிகளும் உண்டு. ஊர்ப்பதிவேடுகளில் வேறெங்கும் இடம்பெறாத தொழிலாளர் பலரின் பெயர்கள் இப்பீச்சு மரத்துண்டுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. இங்கிலாந்தின் டபிள்யூ. எல். குட்மன் 1968 இல் வெளியிட்ட நூல், 1700 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் வாழ்ந்த சீவுளி செய்வோரைத் தொகுத்துக் கூறுவது. அத்தகைய ஆராய்ச்சிக்கு இம்முத்திரைகள் முதன்மையான சான்றுகளாகும்.

இம்முத்திரைகளுள் ஒன்று தனித்து நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் மசாச்சுசெற்சுப் பகுதியிலுள்ள றென்தம் என்னும் ஊரில் பிரான்சிஸ் நிக்கொல்சன் என்பவர் வாழ்ந்தார். அமெரிக்க மண்ணிற் சீவுளி செய்வோராகச் சான்றுகளால் அறியப்படுபவருள் முதல்வர் இவரே. இவரிடம் சீசர் செலோர் என்னும் ஆபிரிக்க வழியினர் அடிமையாயிருந்து அத்தொழிலைச் செய்துவந்தார். 1753 இல் நிக்கொல்சன் இறந்தார். அவருடைய மரணசாதனம் செலோரை விடுதலை செய்தது. அத்துடன் அவருக்குப் பத்து ஏக்கர் நிலத்தையும், வேலை மேசையையும், தொழிற்கருவிகளையும், காட்டுமரத்தில் ஒரு பங்கையும் வழங்கியது. மசாச்சுசெற்சு நீதிமன்றங்களின் தீர்ப்பால் அடிமைமுறை அங்கு ஒழிந்தது 1783 ஆம் ஆண்டளவிலேயே. செலோர் அதற்கு முப்பதாண்டு முன்னரே தமக்குத் தாமே எசமானராய்ப் பட்டறையில் நின்றார். 1784 இல் இறக்கும்வரை அவர் சீவுளி செய்தார்.

அவருடைய சீவுளிகளின் முன்முனையில் அவர் பெயரும், அதன்கீழ் றென்தமில் வாழ்பவர் என்னுந் தொடரும் பதிந்துள்ளன. நிக்கொல்சனுடைய முத்திரையும் இதே அமைப்பினதுதான். ஆயினும் பொருள் வேறு. நிக்கொல்சனுக்கு அது வாணிபக் குறி. செலோருக்கோ, நேற்றுவரை பிறனொருவனின் உடைமையாய் எண்ணப்பட்ட ஒரு மனிதன், இன்ன பெயருடன் இன்ன ஊரில் வாழ்கிறேன் என்று ஊரறியச் சொல்லிய சொல். அரசர் வெட்டிய கல்வெட்டுகளைப் போற்றும் வரலாற்றாசிரியர், ஓரங்குல அகலமுள்ள இம்மரவெட்டையும் அவற்றினருகே வைத்தெண்ணுதல் தகும். செலோர் விடுதலைக்கு முன்னர்ச் செய்த சீவுளிகளில் எத்தனை எசமானரின் பெயரைத் தாங்கிச் சென்றன என்பதை எவர் அறிவார்?

இனிச் செப்பனிடுவோனின் மேசைக்கு வருவோம். இருநூறாண்டு பழைமையான மரச்சீவுளி ஒன்று அவன் கையில் வருகிறது. முன்முனை கறுத்து அழுக்கேறியிருக்கிறது. மணற்றாள் கொண்டு நான்குமுறை தேய்த்தால் மரம் பொன்னிறமாகும். ஆனால் பெயர் போய்விடும். செலோரின் சீவுளி ஒன்று இவ்வாறு துலக்கப்படுமாயின், அஃது எவர் செய்ததென்று உறுதிகூறும் வழி அத்துடன் அற்றுவிடும். ஆகவே அறிந்தவர்கள் அம்முனையைத் தொடுவதில்லை. மென்மையான துணியில் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது தோய்த்து ஒற்றியெடுப்பர். சாய்வாக ஒளியைப் பாய்ச்சி எழுத்துகளைப் படிப்பர். படித்ததை எழுதிவைத்துக்கொண்டு மற்றைப் பகுதிகளுக்குச் செல்வர்.

மரச்சீவுளிக்கு வரும் நோய்களுட் பெரியது வாய் அகலுதல். இதற்குக் காரணம் இரண்டு. அடித்தளம் மரத்தோடு உராய்ந்து தேயத் தேய, அவ்வப்போது அதனை மட்டமாக்க வேண்டியிருக்கிறது. உள்ளே வாயின் வழி மேல்நோக்கி விரிந்து செல்வதால், அடியில் ஒரு நூலளவு குறைந்தாலும் வாய் அகலும். மற்றைக் காரணம் அலகிலுள்ளது. பழைய அலகுகள் முழுதும் உருக்கினால் ஆனவை அல்ல. மென்மையான தேனிரும்பின் முனையில் மெல்லிய உருக்குத் துண்டொன்றைக் கொல்லன் உலையிற் காய்ச்சி ஒட்டினான். அலகு வெட்டுவாயிற் தடித்தும் மேற்செல்ல மெலிந்தும் இருக்கும். ஆப்பு இறுகப் பிடிப்பதற்கு இவ்வமைப்பு உதவியது. ஆனாற் சாணைபிடித்துச் சாணைபிடித்து அலகு குறுகும்போது, மெலிந்த பகுதி வாய்க்கு இறங்கிவருகிறது; இடைவெளி பெருகுகிறது. வாய் அகன்றால், சீவல் எழும்போது முன்னுள்ள மரத்தை அழுத்திப் பிடிப்பார் இல்லை. நார் பிளந்து மேற்பரப்புக் கரடாகிறது.

இதற்குப் பழைய தச்சர் கண்ட மருந்து, வாயின் முன்னே அடித்தளத்தைச் சதுரமாகத் தோண்டி, வன்மையான வேறொரு மரத்துண்டை அங்கே பொருத்துவதாகும். பொருத்திய துண்டை அலகு மட்டும் புகும்படி இழைத்தால் வாய் மீண்டும் இறுகும். பழஞ்சீவுளிகள் பலவற்றில் இவ்வொட்டு முன்னரே இருப்பதைக் காணலாம். அதனைக் குறையெனக் கருதிப் பெயர்த்தெறிவாரும் உளர், அது தவறு. அக்கருவியை நம்பிப் பிழைத்த ஒருவன் அதனைக் கைவிட மனமின்றிச் செய்த வேலை அது.

மற்றொரு நோய் காலத்தாலேயே வருவது. மரம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறுக்குவாட்டிற் சுருங்கும், இரும்பு சுருங்காது. செய்தபோது தாராளமாகப் புகுந்த அலகு, நூறாண்டுக்குப்பின் இருபக்கமும் இறுகிக் கிடக்கும். அதனை அறியாது அடித்து இறக்கினால் கட்டையின் கன்னம் பிளக்கும். பிளந்த பழஞ்சீவுளிகளிற் பலவற்றைப் பிளந்தது இந்த அறியாமையே. அலகின் பக்கங்களைச் சிறிது அராவுவதே தக்க வழி. மரத்தை அராவலாகாதோ எனின், மரத்தில் இருப்பது மெல்லிய கன்னம். அலகின் ஓரத்தில் ஓர் இழை குறைந்தால் எவருக்கும் நட்டமில்லை. இறுகிய ஆப்பைக் கழற்றுவதற்கும் முறையுண்டு. ஆப்பைச் சுத்தியலால் பக்கவாட்டில் மோதுவோர் அதன் தலையை உடைப்பர். கட்டையின் பின்முனையைக் கொட்டாப்புளியால் தட்டினால், அதிர்ச்சியில் ஆப்புத் தானே தளரும்.

கதவுச் சட்டங்களுக்கும் நிலைப்பேழைகளுக்கும் பூவேலை இழைக்கும் சீவுளிகள் தனிவகை. குழிவும் குவிவுமாகச் சோடி சோடியாய்ப் பதினெட்டுச் சோடி சேர்ந்தது ஒரு முழுத் தொகுதி. அஃதாவது முப்பத்தாறு சீவுளிகள். அடித்தளத்தில் விரைந்து தேயும் நுண்ணிய விளிம்புகளுக்குச் சீவுளி செய்வோரே பொக்ஸ் மரத்தின் கீற்றுகளைப் பதித்தனர். அக்கீற்று விழுந்துவிட்டால், புதிய கீற்றைப் பழைய வளைவுக்கு இசைய இழைப்பது செப்பனிடும் வேலைகளுள் மிகவும் கடியது. ஏனெனில் அவ்வளைவுக்கு அளவுகோல் வேறில்லை, கெட்டுப்போன அச்சீவுளியே அளவுகோல்.

அலகுக்கு மேலே இரண்டாம் இரும்பொன்றைப் பொருத்தி, எழுஞ் சீவலை உடனே மடித்துவிடும் உபாயம் பதினெட்டாம் நூற்றாண்டிற் பரவியது. 1767 இல் பிலடெல்பியாவில் சாமுவேல் கருதேஸ் என்பவர் இத்தகைய சீவுளிகளை விளம்பரப்படுத்தினார். முறுக்குநார் கொண்ட மரத்தையுங் கிழியாமல் இழைக்க இஃது உதவிற்று. செப்பனிடுவோர் பலர் இவ்விரண்டாம் இரும்பைச் சும்மா திருகிவிட்டு அமைதியடைவர். அதன் முனைக்கும் அலகுக்குமிடையே ஒளி புகும் இடைவெளியிருப்பின் சீவல் அங்கே சிக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டும் பொருந்தும் விளிம்பைக் கல்லில் தேய்த்து ஒளிபுகாதவாறு செய்தல் வேண்டும்.

இனி இரும்புச் சீவுளி. 1827 இல் கனெற்றிக்கற் மாநிலத்து ஹசாட் நோல்ஸ் வார்ப்பிரும்பாலான சீவுளிக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஸ்கொத்லாந்தின் ஏர் நகரில் 1840 ஆம் ஆண்டளவில் ஸ்ருவேட் ஸ்பியேஸ் இரும்புத் தகடுகளை இணைத்து உள்ளே மரம் நிரப்பிய கனத்த சீவுளிகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் இலண்டனில் நொறிஸ் என்பவரின் நிலையம் அவ்வகையிற் புகழ்பெற்றது. ஆயினும் உலகெங்கும் தச்சர் கையிற் புகுந்தது இலெனாட் பெயிலி என்னும் அமெரிக்கரின் அமைப்பே. ஆப்பை நீக்கி நெம்புமூடியை வைத்தார். அலகை ஏற்றவும் இறக்கவும் பின்னே சிறு பித்தளைச் சக்கரத்தை அமைத்தார். ஆப்பை அடித்துத் தளர்த்தி, மீண்டும் அடித்து இறுக்கி, அளவை ஊகித்து வந்த தச்சன், இப்போது விரலால் சக்கரத்தைத் திருப்பினாற் போதுமாயிற்று.

பெயிலி 1869 இல் தம் தொழிலை நியூ பிரிற்றன் நகரிலிருந்த ஸ்ரான்லி நிறுவனத்துக்கு விற்று, அவர்களுடன் சிறிதுகாலம் இணைந்திருந்தார். பின்னர் மனம் வேறுபட்டுப் பிரிந்தார், விக்ரர் என்னும் பெயரிற் புதிய சீவுளிகளை வெளியிட்டார், வழக்குகள் நிகழ்ந்தன, ஈற்றில் விக்ரர் சீவுளிகளும் ஸ்ரான்லியின் உடைமையாயின. 1902 ஆம் ஆண்டளவில் ஸ்ரான்லி நிறுவனம் தன் சீவுளிகளின் உடலிலேயே பெயிலியின் பெயரை வார்ப்பில் இடத் தொடங்கியது. பெயிலி அப்போது உயிரோடிருந்தார். 1905 இலேயே இறந்தார். தம் கையை விட்டுப்போன தொழிலின்மேல் தம் பெயர் இரும்பெழுத்தாய் நிற்பதை அம்முதியவர் கண்டு என்ன நினைத்தாரோ! செலோரின் பெயர்போல அது மணற்றாளுக்கு அழிவதன்று.

ஒன்பதங்குல நீளமுள்ள நாலாம் எண், பதினான்கங்குல ஐந்தாம் எண், இருபத்திரண்டங்குல ஏழாம் எண் என எண்ணாலேயே சீவுளிகள் அறியப்பட்டன. நீளமான அடித்தளம் பள்ளத்தைத் தாண்டி மேட்டை மட்டுஞ் சீவும். ஆகையால் நீண்ட பலகைகளை நேர்செய்ய நீண்ட சீவுளி வேண்டும். அலகு நாற்பத்தைந்து பாகையிற் சாய்ந்திருக்கும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலும் 1930 களில் இதே அமைப்பு றெக்கோட், ஸ்ரான்லி என்னும் பெயர்களில் உருவாகி, பிரித்தானியர் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் கப்பலேறியது.

இவ்விரும்புச் சீவுளிக்குப் பகை துரு. அதனை நீக்கப் பலவழிகள் உள. வினாகிரியில் ஊறவைப்பது எளிது. ஆனால் நேரந் தவறினால் அமிலம் நல்ல இரும்பையும் அரித்துச் சாம்பல்நிறமாக்கும். மின்பகுப்பு முறை துருவை மட்டுந் தாக்கும். சலவைச் சோடாக் கரைசலிலே சீவுளியை எதிர்மின்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்மின்முனையிலும் இணைத்துச் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், துரு கருந்தூளாய்த் தளர்ந்துவிடும். துருவேறா உருக்கை நேர்மின்முனையில் வைத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாய்க் கரையும். எழுவது எரியுந்தன்மையுள்ள ஐதரசன் வாயுவாதலின், காற்றோட்டமான இடத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். ஆயினும் உடலின் உட்புறத்துக் கருமெருகு இக்கரைசலில் உரிந்துவிடுவதுண்டு. அம்மெருகு நன்றாயிருப்பின், எண்ணெயும் மென்கம்பியும் பொறுமையுங் கொண்டு கையால் தேய்ப்பதே மேல்.

அடித்தளத்தை மட்டமாக்கக் கண்ணாடித் தகட்டின்மேல் மணற்றாளை ஒட்டித் தேய்ப்பர். அப்பொழுது அலகை உள்ளே இழுத்துவைத்து, நெம்புமூடியை இறுக்கியே வைத்திருத்தல் வேண்டும். அவ்விறுக்கம் உடலைச் சிறிதே வளைப்பதால், இறுக்காமல் மட்டமாக்கியது இறுக்கியபின் மட்டமாயிராது. முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் நின்றாற் போதும். முழுவதும் கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்ப்போர் இரும்பை வீணாக்குகின்றனர். தரையில் விழுந்து கன்னம் வெடித்த வார்ப்பிரும்பை வெண்கலக் கம்பியால் ஒட்டலாமெனினும், வெப்பத்தால் உடல் முறுகக்கூடும். இவ்வகையில் மரச்சீவுளி மேலானது. அது விழுந்தால் எடுத்து மீண்டும் இழைக்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சீவுளிகளிற் சிலவற்றின் சக்கரம் பித்தளைக்குப் பதிலாகக் கடினமான இறப்பராலும், கைப்பிடி விலைகுறைந்த மரத்துக்குச் சாயமேற்றியும் அமைந்தன. இவற்றைக் கழற்றியெறிந்து பித்தளையும் ஈட்டிமரமும் பொருத்துவார் பலர். கருவி அழகுபெறும், ஆனாற் பித்தளை போர்க்களத்துக்குச் சென்ற ஒரு காலத்தின் அடையாளம் நீங்கும். வேலைக்கு இடையூறில்லாதவிடத்து அவற்றை விட்டுவைத்தலே நன்று. அமெரிக்காவில் ஹென்றி மேசர் என்பவர் 1897 தொடக்கம் பழந்தொழிற் கருவிகளைச் சேர்த்து, 1916 இல் டொயில்ஸ்ரவுன் நகரில் அவற்றுக்கெனக் கொங்கிறீற்றாலான நூதனசாலை ஒன்றைக் கட்டிமுடித்தார். பிறர் குப்பையெனத் தள்ளியவற்றையே அவர் நாடிச்சென்றார்.

கருவியைப் பேணுவது வேறு. மறைந்த கருவியை மீட்பது வேறு. யப்பானில் நாரா நகரின் அருகேயுள்ள ஓரியூ ஆலயத்தின் மரக்கட்டடங்கள் உலகில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையவை. அங்குத் தலைமைத் தச்சராயிருந்த நிசியோக்கா சுனேக்கசு 1908 இற் பிறந்து 1995 இல் மறைந்தார். பழைய தூண்களின் மேற்பரப்பில், கட்டையுள்ள சீவுளியால் வரமுடியாத மெல்லிய கரண்டிக்குழி போன்ற சுவடுகளை அவர் கண்டார். அவை ஈட்டிமுனை போன்ற அலகுடைய ஈட்டிச் சீவுளியால் இழைக்கப்பட்டவை. அக்கருவியின் வழக்கோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயிருந்தது. சோசோயின் களஞ்சியத்திலிருந்த சிறிய ஈட்டிச் சீவுளி ஒன்றை மாதிரியாகக் கொண்டு புதியதொன்றைச் செய்வித்தார். அது மரத்தைச் செவ்வையாக வெட்டவில்லை. வடிவம் சரியாயிருந்தும் இரும்பு சரியாயிருக்கவில்லை. பின்னர் அவ்வாலயத்திலிருந்து கழற்றிய பழைய ஆணிகளையே வாள் செய்யுங் கொல்லரொருவரிடங் கொடுத்து, அவற்றைக் காய்ச்சி அடித்து அலகாக்கச் செய்தார். அந்த அலகு வெட்டிற்று. யாக்குசி ஆலயத்தில் 1976 இல் முடிவுற்ற பொன்மண்டபமும் 1981 இல் எழுந்த மேற்குக் கோபுரமும் அவர் மேற்பார்வையில் உருவாயின. அவற்றின் தூண்களிலே பழைய கரண்டிச் சுவடுகள் மீண்டும் விழுந்தன.